சீரோஸ் கப்பலில் கண்டிச் சனிக்கிழமை

வாசகரே, எழுந்து நிற்க வேண்டியதில்லை. அமர்ந்தபடியே சாட்சியாக இரும். ஒருவன் மேற்கொண்ட கடற்பயணம் போகத் தக்கதுதானா என்பதை, அந்தக் கடலைக் கண்டறியாத பலர் கூடிக் கை உயர்த்தித் தீர்மானித்த செய்தியை நீர் எங்கேனும் கேட்டதுண்டா? அது கண்டியில் நடந்தது. பயணம் என்னுடையது. கைகள் பிறருடையவை. அன்று மண்டபத்தில் இருந்தவர்களை நான் சாட்சிக்கு அழைக்கப் போவதில்லை, ஏனெனில் அவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காத ஒருவர் எனக்கு வேண்டும். ஆகவே உம்மை அழைக்கிறேன்.

எங்கள் சொற்போர்ச் சங்கம் சனிக்கிழமை மாலைதோறும் வாவிக்கு அருகே ஒரு கடையின் மேல்மாடியில் கூடும். அலுவலகங்களில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர்கள், ஆசிரியர்கள், கடைக் கணக்கர்கள், கம்பளையிலிருந்து ரயிலில் வந்து கடைசி வண்டிக்கு முன் எழுந்து ஓடுகிற சில வணிகர்கள் என்று அவையினர் பலவிதம். சங்கத்தின் முதல் விதி இது: எதிருரை இல்லாமல் இங்கே எந்த உரையும் இல்லை. புகழுரைக்கும் எதிருரை உண்டு, நன்றியுரைக்கும் உண்டு. ஊர் மாறிப் போகும் ஓர் ஆசிரியருக்கு நாங்கள் பிரியாவிடை அளித்தபோது, 'அவர் போகக் கூடாது' என்று விதிப்படி ஒருவர் எதிருரை ஆற்றினார். வாக்கெடுப்பில் எதிருரையே வென்றது. ஆசிரியர் மறுநாட் காலை சங்கத்தின் அனுமதியின்றியே ரயில் ஏறினார்.

அந்த மேடையில் நான் முதல்வனாக இருந்தேன். இதைத் தன்னடக்கத்தோடு சொல்லும் வழி எனக்குத் தெரியாது. வாக்கியத்தை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்துவது, வலக்கை எப்போது எழ வேண்டும், கடைசி வரிசையில் இருப்பவன் காதில் விழ மூச்சை எங்கே சேமிப்பது என்பவற்றை மாதக்கணக்கில் பயின்றவன் நான். விடியுமுன் வாவிக்கு மேலேயுள்ள காட்டுப் பாதையில் ஏறி நின்று மரங்களுக்குச் சொற்பொழிவாற்றுவேன். மரங்கள் ஒருபோதும் எதிருரை சொன்னதில்லை.

பிறகு, கண்டியை அடுத்த அம்பிட்டியவிலிருந்து அவர் வந்தார். கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் கீழ்வகுப்பு ஆசிரியர். என் வயதுதான். முழங்கையில் தைத்த கோட்டு, மெலிந்த குரல். மேடையில் ஏறினால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். செந்தமிழ் பேசமாட்டார், வீட்டில் பேசுவதுபோலப் பேசுவார். நான் பேசும்போது அவை நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் பேசும்போது அவை முன்னால் சாய்ந்தது. அந்தச் சாய்வைக் கண்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது. இருமல் வந்தால் அவர் சிரித்துக்கொண்டே நிறுத்துவார். அந்த இருமலுக்காகவும் அவை காத்திருந்தது. நான் இருமியிருந்தால் யாராவது தண்ணீர் கொண்டுவந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தேயிலை விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் இலிகிதராக இருந்த கடையின் முதலாளி அக்குறணை முஸ்லிம், அரபு பேசுவார். கறுவாப் பட்டையும் ஏலமும் வெளிநாட்டுக்கு அனுப்புபவர். அலெக்சாந்திரியாவில் அவருக்கு ஒரு கிரேக்க வியாபாரி பழக்கம். அந்த வியாபாரியின் தமையன் கிரேக்க நாட்டுச் சீரோஸ் தீவில் இனிப்புப் பண்டம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அதற்குக் கறுவா வேண்டியிருந்தது. முதலாளி நேரிற் போய்ப் பேச முடிவு செய்து, இங்கிலீசு பேச என்னைத் துணைக்கு அழைத்தார்.

கண்டி ரயில் நிலையத்துக்கு வழியனுப்பச் சங்கத்தார் வந்தார்கள். அம்பிட்டிய ஆசிரியரும் வந்தார். வண்டி நகரும்போது சன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"போயிட்டு நல்லபடியா வாங்க. மேடையப் பத்திக் கவலப்படாதீங்க. நீங்க வர்ற வரைக்கும் சூடு ஆறாம நான் பாத்துக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஒரு வாக்கியம் என்னோடு கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது, செங்கடலில் வியர்த்தது, அலெக்சாந்திரியாவில் என் அறையிலேயே தங்கியது.

ஏதென்ஸை அடுத்த பிரேயுஸ் துறைமுகத்தில் நாங்கள் சீரோஸுக்குக் கப்பல் ஏறிய நாள் ஒரு சனிக்கிழமை. சிறிய நீராவிக் கப்பல். கறுப்பும் வெள்ளையும் பூசி, புகைபோக்கி ஓரம் துருப்பிடித்தது. தீவுகளுக்குத் திரும்பும் சனங்கள் கோழிக்கூடைகளோடும் சுருட்டிய மெத்தைகளோடும் ஏறினார்கள். விடுமுறையில் போகும் சிப்பாய்கள் கயிற்றுச் சுருளின்மேல் அமர்ந்து சீட்டாடினார்கள். உயர்ந்த கறுப்புத் தொப்பி அணிந்த பாதிரியார் ஒருவர் தர்ப்பூசணிப் பழத்தைக் குழந்தையைப்போல் மடியில் வைத்திருந்தார். ஊதல் ஒலித்ததும் கரையில் நின்றவர்கள் கைக்குட்டை அசைத்தார்கள். மேல்தட்டில், கித்தான் பந்தலின்கீழ், மரவாங்கொன்றில் எங்களுக்கு இடம் கிடைத்தது.

முதலாளி மிகச் சிறிய கிண்ணத்தில் வந்த கோப்பியைக் குடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம், இப்போது கண்டியில் என்ன நேரம் இருக்கும் என்று கேட்டேன்.

"அங்க பகல் திரும்பியிருக்கும். என்னத்துக்கு தம்பி?"

"சும்மாதான் கேட்டேன், முதலாளி."

சும்மா அல்ல என்பதை வாசகர் அறிவீர். இன்னும் சற்று நேரத்தில் மேல்மாடிச் சன்னல்கள் திறக்கப்படும். வாங்குகள் இழுக்கப்படும். அம்பிட்டிய ஆசிரியர் எழுந்து கோட்டுப் பைக்குள் கையை விடுவார்.

நிலமுனை ஒன்றைக் கடந்ததும் வடக்கிலிருந்து காற்று வீசியது. கடல் அடர்நீலமாகி, எங்கும் வெள்ளை முறிந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. தொலைவில் தீவுகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. மலை என்றால் பச்சை என்றே அறிந்த கண்டிக்காரனுக்கு அவை வியப்பளித்தன. இலையில்லை, கொடியில்லை, வெயிலில் கிடக்கும் வெறும் பழுப்புக் கல். அழகாகத்தான் இருந்தன. அந்த அழகைக் காணக் காண எனக்கு ஆத்திரம் வந்தது. இதைப் பார்த்தவன் நான், ஆனால் இந்நேரம் கைதட்டு வாங்குபவர் அவர்!

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளும். பழங்கிரேக்கப் பேச்சாளர் ஒருவர் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு கடலலைக்கு எதிரே பேசிப் பழகினார் என்று பள்ளியில் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அந்தக் கடல் இதுவே. கம்பளையில் மகாவலி ஆற்று மணலிற் பொறுக்கிய ஒரு வழுவழுப்பான கல்லை நான் இதற்கென்றே கோட்டுப் பையில் கொண்டுவந்திருந்தேன். எழுந்து கப்பலின் கம்பியோரம் சென்று, கல்லைக் கன்னத்தில் ஒதுக்கி, வலக்கையை உயர்த்தி, காற்றுக்கு எதிரே என் உரையைத் தொடங்கினேன். சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு உரியதாக நான் மனத்தில் கட்டிவைத்திருந்த உரை அது.

அருகில் யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கறுப்புடை உடுத்த ஒரு பெண். தலையைச் சுற்றிக் கறுப்புத் துணி. கூடையிலிருந்து ஒரு மஞ்சள் எலுமிச்சம்பழம் எடுத்து என் கையில் திணித்து, முகர்ந்து பார்க்கும்படி சைகை காட்டினாள். உப்பிய கன்னத்தையும் ஆடிய கையையும் கண்டு, நான் வாந்தியெடுக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். சிப்பாய்களில் ஒருவன் சிரித்தான். எனக்கு முகம் கொதித்தது. கல்லைக் கைக்குட்டையில் உமிழ்ந்தேன். பழத்தை வாங்கில் வைத்துவிட்டுத் திரும்பவும் கடலைப் பார்த்து நின்றேன்.

முதலாளி என் பின்னால் வந்து நின்றார். "கடல் இந்தா ஈக்கி. நீங்க எங்க பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க தம்பி?"

"கடலைத்தான் முதலாளி. கண்டியில் இப்போது ஐந்து மணி ஆகியிருக்குமா?"

அவர் திரும்பிப் போய்க் கப்பல்காரன் ஒருவனோடு பேசத் தொடங்கினார்.

மாலை சாயும் வேளையில் சீரோஸ் தெரிந்தது. இரண்டு குன்றுகள், இரண்டின்மேலும் வெள்ளை வீடுகள் படிப்படியாய் அடுக்கியதுபோல். கப்பல் நங்கூரம் பாய்ச்சியதும் சிறு படகுகள் சூழ்ந்தன. எங்கள் மஸ்கட்டைப் போன்ற மென்மையான இனிப்பைப் பெட்டி பெட்டியாகச் சுமந்துகொண்டு விற்பனைக்காரர்கள் ஏணியில் ஏறிக் கூவினார்கள். நாங்கள் இறங்கினோம். கப்பல் அடுத்த தீவுக்குப் போயிற்று. கறுப்புடைப் பெண் அதிலேயே இருந்தாள். முதலாளியின் வியாபாரம் நன்றாகவே முடிந்தது.

கண்டிக்குத் திரும்பியபோது ஆண்டுவிழா நெருங்கியிருந்தது. நகர மண்டபத்தில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், முதல் உரையாற்றும் பேறு அதற்கு ஒரு மாதம் முந்திய சனிக்கிழமை வாக்கெடுப்பில் வெல்பவருக்கே உரியது. எனக்கு அந்த மேடை வேண்டும். வேறெதுவும் வேண்டாம். சங்கத் தலைவர் யாழ்ப்பாணத்தவர், தபாற் கந்தோரில் ஓய்வுபெற்றவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தச் சனிக்கிழமை உம்மட பயணத்தைப் பற்றியே பேசும். தீர்மானம் 'இப்பயணம் போகத் தக்கது.' எதிருரை அம்பிட்டிய மாஸ்டர்," என்றார்.

"ஐயா, நான் போய் வந்த பயணத்துக்கு எப்படி எதிருரை இருக்க முடியும்?"

"ஏன் இருக்கேலாது? விதி விதிதானே."

நான் மகிழ்ந்தேன். கொழும்பில் தூரத்திலிருந்து கடலைப் பார்த்ததைத் தவிர வேறொன்றும் அறியாத ஒருவர், ஏஜியன் கடலைக் கடந்தவனை எப்படி எதிர்ப்பார்? அவர் அந்த வாரம் பள்ளி விட்டதும் அக்குறணைக்கு பஸ் ஏறிப் போய் என் முதலாளியோடு தேநீர் குடித்தது எனக்குத் தெரியாது.

அன்று மேல்மாடி நிறைந்திருந்தது. முதலாளியும் வந்து முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருந்தார். நான் பேசினேன். குறையில்லாமல் பேசினேன் என்று சொல்வேன். கடலின் நீலத்தை நான்கு உவமைகளில் நிறுத்தினேன். காற்றை எழுப்பினேன். அலைக்கு எதிரே குரல் பயின்ற பழங்கிரேக்கரை வணங்கி, அதே கடலில் கண்டித் தமிழன் ஒருவன் நிமிர்ந்து நின்றதைச் சொன்னபோது அவை நிமிர்ந்தது. கைதட்டு நீண்டது. நான் அமர்ந்து வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் எழுந்தார். கை பைக்குள் போயிற்று.

"தலைவர் ஐயா, பயணம் நல்ல பயணந்தான். நான் அத எதிர்க்க வரல்ல. இவர் அந்தப் பயணம் போகவே இல்லன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

சலசலப்பு எழுந்தது. நான் துள்ளி எழுந்தேன். தலைவர் மணியைத் தட்டினார். "இரும் தம்பி. அவர் கேள்வி கேட்டால் மறுமொழி சொல்லும். அதுவும் விதி."

"ஒரு கேள்விதான் அண்ணே," என்றார் அவர். என்னை அண்ணே என்று அழைத்தது அதுவே முதல் தடவை. "கப்பல்ல, காத்து நல்லா அடிச்ச அந்த நேரம், மனசுல யாரு இருந்தாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடையில் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வதில்லை என்று நான் பெருமையாக அறிவித்துவந்தவன். முதலாளி வேறு முன்னால் இருக்கிறார்.

"நீர்," என்றேன்.

அப்போது எழுந்த சிரிப்பு கீழே கடைக்காரனை மேலே ஓடிவரச் செய்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

வாசகரே, கண்டிச் சந்தையில் வாங்கிய பழம் அது. ஆயினும் நான் கப்பல் வாங்கில் வைத்துவிட்டு வந்த பழமாகவே அது எனக்குத் தெரிந்தது.

"இவருக்குப் பக்கத்துல கறுப்புச் சேல மாதிரி ஒண்ணு உடுத்துன ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களாம். புருசன் செத்து ஒரு வருசங்கூட ஆகலையாம். மகனுக்குச் சொகமில்லாம இருந்து பொழச்சிக்கிட்டானாம். அடுத்த தீவுல மாதா கோயிலு இருக்காம். கரையில எறங்குன எடத்துல இருந்து மல உச்சி வரைக்கும் முழங்கால்லயே நடந்து போறேன்னு நேர்ந்துக்கிட்டு வந்திருக்காங்க. முழங்காலத் தட்டித் தட்டிக் காமிச்சாங்களாம். கப்பல்காரன் ஒருத்தனுக்கு அரபு தெரியும். அவன்கிட்ட முதலாளி கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டாரு. அந்த அம்மா வழியில தனக்குன்னு வச்சிருந்த பழத்துல ஒண்ண எடுத்து, வாயில கல்ல வச்சிக்கிட்டு நின்ன நம்ம அண்ணனுக்குக் குடுத்தாங்க."

கல் என்றதும் மீண்டும் சிரிப்பு. அது அடங்கும்வரை அவர் பழத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் அத வாங்குல வச்சிட்டுத் திரும்பிட்டாரு. கப்பல் சாஞ்சதும் பழம் உருண்டு கீழ போச்சி. அந்த அம்மா குனிஞ்சி எடுத்து, தலத் துணியால தொடச்சி, திரும்பக் கூடைக்குள்ள வச்சிக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். முடிவுரை இல்லை, வேண்டுகோள் இல்லை. மண்டபத்தில் ஓசையே இல்லை. எங்கோ குதிரை வண்டி போகும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் நேர்த்திக்கடனையும் மகனையும் நான் அன்றுதான் அறிந்தேன். ஆனால் அந்தக் கணத்தில் என் நெஞ்சில் இருந்தவள் அவள் அல்லள். அந்த மௌனம். எத்தனை ஆண்டு மரங்களுக்கு முன் நின்று பயின்றும் எனக்கு ஒருமுறையேனும் வாய்க்காத மௌனம், என் கப்பலிலிருந்து, என் பக்கத்து வாங்கிலிருந்து எடுத்து, அந்தக் கடலைக் காணாத ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது!

வாக்கெடுப்பில் எண்ண வேண்டிய தேவையே எழவில்லை. 'இப்பயணம் போகத் தக்கது' என்ற தீர்மானம் தோற்றது. எனக்காக உயர்ந்த சில கைகளும் இரக்கத்தால் உயர்ந்தவை என்பது அவற்றின் உயரத்திலேயே தெரிந்தது. முதலாளி எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. தலைவர் கேட்டதற்கு, "பயணத்துல கொற இல்ல. கறுவா வித்துப் போச்சி. பேச்சுத்தான் கொஞ்சம் கூடிப் போச்சி," என்றார்.

ஆண்டுவிழாவின் முதல் உரை அம்பிட்டிய ஆசிரியருக்கு என்று தலைவர் அறிவித்தார்.

கீழே இறங்கியபோது மழை பிடித்திருந்தது. சங்கத்தார் பலர் கடைவாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார்கள். வாவிமேல் மழை வெண்மையாய் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னருகே வந்து நின்றார்.

"கோவமா?" என்றார்.

"முதலாளியிடம் போய்க் கேட்டது நியாயமா?"

"நீங்க சொல்லியிருந்தா உங்ககிட்டயே கேட்டிருப்பேன். நீங்க போன நாள்ல இருந்து வாசிகசாலையில தேசப் படப் புத்தகத்த விரிச்சி வச்சிக்கிட்டு, இன்னக்கி எங்க இருப்பாரு, இன்னக்கி எங்க இருப்பாருன்னு வெரல வச்சிப் பாத்துக்கிட்டிருந்தேன். வயித்தெரிச்சல். அந்தப் பழத்த வாங்குல வச்சிட்டாருன்னு முதலாளி சொன்னப்ப வந்த கோவத்துல எனக்கு அக்குறணையில இருந்து நடந்தே வந்திரலாம் போல இருந்திச்சி." எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார். "இந்தாங்க. இதயாவது வச்சிக்கங்க."

என் கடலை நினைத்து அவரும் எரிந்தார் என்பது எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும். தரவில்லை. அந்த எரிச்சலைக்கூட அவர் என்னைவிட எளிதாய், சிரித்த முகத்தோடு, ஒரு தாழ்வாரத்தில் நின்று சொல்லிவிட்டார். அதற்காகவும் நான் அவரை வெறுத்தேன். பழத்தை வாங்கிக்கொண்டேன். முகர்ந்தும் பார்த்தேன்.

ஆண்டுவிழா உரைக்கும் எதிருரை உண்டு என்பது அப்போது நினைவுக்கு வந்தது. தாழ்வாரத்தில் நின்ற அனைவருக்கும் கேட்கும்படி, மழைக்கு மேலே குரலை உயர்த்தி, மேடைத் தமிழிலேயே சொன்னேன்:

"நண்பர்களே, சாட்சியாக இருங்கள். நகர மண்டபத்தில் இவர் பேசும் நாளில் எதிருரை என்னுடையது. வேறெவருக்கும் அதை விட்டுக்கொடேன். அந்நாள்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் முன்வரிசையில் வாய்மூடி அமர்ந்து, இவர் கையையும் இருமலையும், இவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் மடியில் என்ன இருக்கிறது என்பதையும், ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்."